மன்னித்தால் திரும்பிப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி, 4 ஜூலை 2024

கல்யாணமாகி ஆறு வருஷம். குடித்துவிட்டு அடிக்கிறார். ஒரு வருஷமாக சர்ச்சுக்குப் போகிறேன். அவரை மன்னித்துவிட்டால் உள்காயம் ஆறிவிடும் என்கிறார்கள். சாட்சி சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே ராத்திரியில் சுகமானேன் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் விசுவாசத்தில் குறையா? மன்னித்தால் அவரோடுதான் இருந்தாக வேண்டுமா? கொடைக்கானல் பக்கம் சின்ன ஊர். பேர் வேண்டாமே.

4 ஜூலை, இரவு 10.40

விசுவாசத்தில் குறை இல்லை. சாட்சியில்தான் குறை. அந்த மாதிரி சாட்சி ஒன்றை நானே சொல்லியிருக்கிறேன். 2012 டிசம்பர், கோத்தகிரி பக்கம் சின்ன சபை, ஞானஸ்நானம் வாங்கிய மறுவாரம், கையில் மைக். "அந்த ராத்திரியே அவரை மன்னித்தேன், அன்றைக்கே சமாதானமாகத் தூங்கினேன்" என்றேன். அல்லேலூயா சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

பொய். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் தாழ்ப்பாள் போட்டு, கதவுக்கு முட்டாக அம்மிக்கல்லை நகர்த்தி வைத்துத்தான் தூங்கினேன்.

மீதி நாளைக்கு. காலையில் கொழுந்து எடை போடப் போக வேண்டும்.

5 ஜூலை, மதியம்

லாரி இன்னும் வரவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பங்கு பிரித்த 1964 ஒப்பந்தத்தில் தாத்தா பேர் இந்தியாப் பக்கம் விழுந்தது. கண்டியில் பிறந்து வளர்ந்த மனுஷர். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரியில் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. எனக்குப் பத்தொன்பதில் கல்யாணம் செய்தார்கள். அவர் லாரி டிரைவர். முதல் அடி மூன்றாம் மாசம், ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று. பிறகு உப்பு, புளி எதுவும் தேவைப்படவில்லை. இதை நீட்டவில்லை. வாங்கியவர்களுக்குத் தெரியும்.

2009 நவம்பர் மழை நீலகிரிக்காரர்கள் யாருக்கும் மறக்காது. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர். மலை மலையாகச் சரிந்து நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். அந்த வாரம் சாலை இல்லை, லோடு இல்லை, அவர் நாள் முழுக்க வீட்டில். ஒரு ராத்திரி பெல்ட்டின் பக்கிள் பக்கம் என் முகத்தில் பட்டது. மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடையோடு இறங்கிவிட்டேன். மேட்டுப்பாளையம் போய்விட நினைத்தேன், பஸ் எங்கே ஓடுகிறது? வெளிச்சம் தெரிந்த இடத்துக்கு நடந்தேன். அது ஒரு சர்ச் ஹால். வீடு இடிந்தவர்களை அங்கே தங்க வைத்திருந்தார்கள்.

வாசலில் மேசை போட்டு, பள்ளிக்கூட நோட்டில் ஒரு வயசான அம்மா பேர் எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற டீச்சர். பேர், ஊர், வீடு முழுசா இடிந்ததா பாதியா, மூன்று கட்டம். "வீடு முழுசாவா, பாதியாம்மா?" "வீட்டுக்கு ஒண்ணும் ஆகலை" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். எனக்கு இடது கண் திறக்கவில்லை. குனிந்து "முழுசு" என்று எழுதினார்.

கம்பளி தந்தார்கள், பிள்ளைக்குப் பால், எனக்கு டீயும் வர்க்கியும். பதினோரு நாள் இருந்தேன். யாரும் இயேசுவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்ப மாட்டீர்கள், எனக்கு அதில் லேசான ஏமாற்றம்கூட.

5 ஜூலை, இரவு

இதோடு இரட்சிப்பு வந்துவிட்டது என்று நினைத்தால், இல்லை. 2010 ஜனவரியில் திரும்பிப் போனேன். அப்போது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜெபக்கூட்டத்தின் பாஸ்டர் போகச் சொன்னார், போனேன். மே மாசம் இடது மணிக்கட்டு உடைந்தது. கொழுந்து பறிக்கிற கைக்கு மணிக்கட்டு போனால் சோறு போனது மாதிரி. இன்றைக்கும் மழைக்கு முன்னால் அதுதான் எனக்கு வானிலை அறிக்கை.

7 ஜூலை

சகோதரர் ஒருவர் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனம் மட்டும். ஒரு வசனம் முன்னால் போனால் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. மூன்று வசனம் பின்னால் வந்தால் புருஷன் கிறிஸ்துவைப் போல உயிரைக் கொடுத்து அன்புகூர வேண்டும் என்கிறது. அண்ணே, நடுவில் மட்டும் கத்தரிப்பது தேயிலைக்கு நல்லது. வேதத்துக்கு ஆகாது.

8 ஜூலை

ஒரு திருத்தம். இதை எழுத இரண்டு நாள் ஆனது.

பாஸ்டர் போகச் சொன்னார் என்று எழுதினேன். சொன்னது அவரல்ல. "ஜெபித்து முடிவெடுங்கள் சிஸ்டர்" என்றுதான் சொன்னார். போகச் சொன்னது என் அம்மா. "ஒரு தடவை ஊரை விட்டு வந்தாச்சு, இனி வீட்டையும் விட்டு வரணுமா?" என்றாள். பெட்டி தூக்கி முகாம் முகாமாக அலைந்த வீட்டில் வளர்ந்தவள், அவளுக்கு வீடு என்றால் விடவே கூடாத பொருள். அம்மா மேல் பழி போட மனசில்லாமல் இத்தனை வருஷம் பாஸ்டர் தலையில் போட்டிருக்கிறேன். டீச்சரம்மாவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அதற்காக அந்த பாஸ்டர் சொன்னது சரி என்று ஆகிவிடாது. கண் வீங்கி வந்தவளிடம் ஜெபித்து முடிவெடு என்றால், முடிவை யாராவது எடுத்துத் தருவார்கள். எடுத்தார்கள்.

8 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

எப்படித்தான் விசுவாசம் வந்தது என்று கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன்.

கை உடைந்து மறுபடி இறங்கி வந்தபோது நேராக டீச்சரம்மா வீட்டுக்குத்தான் போனேன். பின்பக்க அறையைத் தந்தார். அவருக்குக் கண்ணில் புரை. ராத்திரி வேதம் வாசிக்க முடியாது. எனக்கு எட்டாம் வகுப்புத் தமிழ். வாடகைக்குப் பதில் தினமும் ஒரு அதிகாரம் வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் கணக்கு. ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்தோம். அந்தத் தமிழ் முதலில் வாயில் நிற்கவில்லை. ஏசுவதற்கும் ஏசா என்கிற பேருக்கும் வித்தியாசம் தெரியாமல் வாசித்து இரண்டு பேரும் சிரித்த நாள் உண்டு.

பதினாறாவது ராத்திரி ஆகார் வந்தாள். எஜமானி படுத்திய பாட்டில் வனாந்தரத்துக்கு ஓடிப்போன வேலைக்காரி, வயிற்றில் பிள்ளை. தூதன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறான். கடைசியில் அவள் கடவுளுக்கு ஒரு பேர் வைக்கிறாள்: என்னைக் காண்கிற தேவன். அதற்கு மேல் வாசிக்க வரவில்லை. எங்கள் லைனில் பதினாலு வீடு. ஒரே நீளச் சுவர். நான் அடி வாங்கியது பதினாலு வீட்டுக்கும் கேட்டது. விடிந்தால் குழாயடியில் எல்லோரும் குடத்தையே பார்ப்பார்கள். அங்கே என்னைக் கண்டவர் யாரும் இல்லை.

டீச்சரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தார். எனக்கு ஆரம்பம் என்று ஒன்று இருந்தால் அதுதான். வெளிச்சம் இல்லை, குரல் இல்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்.

9 ஜூலை

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "ஆகாரையும் எஜமானியிடம் திரும்பிப் போ என்றுதானே தூதன் சொன்னான்?"

ஆமாம், சொன்னான். அடுத்த ராத்திரி நானும் அந்த இடத்தைத் திரும்ப வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். நான்கு நாள் தொடவில்லை. டீச்சரம்மா, "இருபத்தொண்ணு வரைக்கும் வா, அப்புறம் கோவிச்சுக்கோ" என்றார். இருபத்தொன்றாம் அதிகாரத்தில் ஆகார் மறுபடி வனாந்தரத்தில் நிற்கிறாள், இந்தத் தடவை பிள்ளையோடு, தண்ணீர் தீர்ந்து. தூதன் மறுபடி கூப்பிடுகிறான். திரும்பிப் போ என்ற பேச்சே இல்லை. அவள் கண் திறக்கிறது, கிணறு தெரிகிறது.

முதல் தடவை ஏன் அனுப்பினார் என்று எனக்கு இன்னும் கேள்வி உண்டு. நேரில் பார்க்கும்போது கேட்பேன்.

11 ஜூலை

ஊட்டிக்காரர் ஒருவர், புனித ஸ்தேவான் ஆலயத்தின் உத்தரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையை இடித்து எடுத்து வந்த மரம், உடைந்ததைக் கொண்டு கர்த்தர் கட்டுவார் என்று எழுதியிருக்கிறார். மரம் விஷயம் உண்மை, ஆலயம் 1831-ல் திறந்தது, உள்ளே போய் அண்ணாந்து பார்த்திருக்கிறேன், பிரமாதமான மரம். ஆனால் அரண்மனையை இடித்தது யாரோ, சுமந்தது யாரோ. என் மணிக்கட்டை உவமை ஆக்காதீர்கள், கும்பிடுகிறேன்.

12 ஜூலை

இன்றைக்கு எழுதுவதாக இருந்தது சட்டம். நேற்று எங்கள் வீட்டில் உபவாச ஜெபம், பாதியில் கரடி வந்துவிட்டது. சமையல்கட்டு ஜன்னலுக்கு நேராக. எண்ணெய் வாசம் பிடித்து வருகிறது, கோத்தகிரியில் இது புதிதல்ல. "பொல்லாத ஆவியே அகன்று போ" என்று ஜெபித்துக்கொண்டிருந்த சிஸ்டர்தான் முதலில் கட்டில் மேல் ஏறினார். தட்டு தட்டி விரட்டி, மிச்ச ஜெபத்தை உப்புமாவோடு முடித்தோம். உபவாசமாவது ஒன்றாவது.

14 ஜூலை, ஞாயிறு

தாவீதும் சவுல் ராஜாவும், ஒன்று சாமுவேல் இருபத்துநாலு. இதை யாரும் பிரசங்கத்தில் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் தப்பிருந்தால் என் தப்பு.

சவுல் தாவீதின் மேல் ஈட்டி எறிந்தவன். ஒரு தடவை அல்ல. பிறகு குகைக்குள் தாவீதின் கையில் மாட்டுகிறான். தாவீது கொல்லவில்லை, சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொள்கிறான். வெளியே வந்து கூப்பிட்டுப் பேசுகிறான். சவுல், என் மகனே என்று சத்தமிட்டு அழுகிறான். நீ என்னிலும் நல்லவன் என்கிறான். குடித்துவிட்டு அடித்த மறுநாள் காலையில் என் காலைப் பிடித்து அழுத முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மல்லிகைப்பூவோடு வருவார். அந்த அழுகை நடிப்பும் அல்ல, அதுதான் கொடுமை.

அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். சவுல் தன் வீட்டுக்குப் போனான். தாவீது அவனோடு போகவில்லை. தன் ஆட்களோடு அரணான இடத்துக்கு ஏறிப் போய்விட்டான். பழி வாங்கவும் இல்லை, ஈட்டிக்கு எட்டுகிற தூரத்துக்குத் திரும்பவும் இல்லை.

கேட்டவருக்கு என் பதில் இவ்வளவுதான். மன்னிப்பது ஒரு காரியம், கூட இருப்பது வேறு காரியம். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுத் தருகிறவர்களிடம் தாவீது ராத்திரி எங்கே படுத்தான் என்று கேளுங்கள்.

15 ஜூலை

சட்டம். 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், 2006 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி மனைவிக்கு அந்த வீட்டில் இருக்க உரிமை உண்டு, வீடு அவர் பேரில் இருந்தாலும். அடிக்கிறவரை வெளியே இருக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போடலாம். விவாகரத்து கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பாதுகாப்பு அலுவலர் என்று மாவட்டத்தில் இருப்பார், அவரிடம் மனு எழுதிக் கொடுக்கலாம். எனக்கு இது தெரிந்தது கை உடைந்த பிறகு. மழையில் இறங்கி ஓடியிருக்க வேண்டியது நானல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நான் 2014-ல் விவாகரத்து வாங்கினேன்.

16 ஜூலை

அதுவும் தப்பு. வாங்கியது நானல்ல, அவர்.

எங்கள் கல்யாணம் இந்து முறை. இந்து திருமணச் சட்டத்தில் கணவனோ மனைவியோ மதம் மாறினால் மற்றவர் அதையே காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம். அவர் கேட்டார். வக்கீல் மனுவைப் படித்துக் காட்டும்போது நானும் ஆவலாகக் காது கொடுத்தேன், அடித்ததற்கு என்ன சமாதானம் எழுதியிருக்கிறார் பார்ப்போம் என்று. ஒரு வரி இல்லை. நான் ஞானஸ்நானம் வாங்கிய தேதி மட்டும் சரியாக இருந்தது. பிள்ளை பிறந்த தேதியில் வருஷம் தப்பு.

அடுத்த ஞாயிறு சபையில் ஒரு பெரியவர், விசுவாசி விவாகரத்து செய்யலாமா என்று ஆரம்பித்தார். டீச்சரம்மா முன் பெஞ்சிலிருந்து திரும்பாமலே, "ஒன்று கொரிந்தியர் ஏழு, பதினஞ்சு" என்றார். அவிசுவாசி பிரிந்துபோனால் போகட்டும் என்கிற இடம். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்று திருவிருந்து அப்பம் ருசியாக இருந்தது, மன்னிக்கவும்.

16 ஜூலை, இரவு

ஞானஸ்நானத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, யாரும் சொல்வதில்லை. எஸ்.சி. சான்றிதழ். 1950-ஆம் வருஷ ஆணைப்படி கிறிஸ்தவரானால் அது போய்விடும், தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடுவீர்கள். மாமா வீட்டுக்கே வந்து கத்தினார்: "சாமியை மாத்து, சர்டிபிகேட்டை மாத்தாதே." பிள்ளைக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. காரணம் பாதி இதுதான். மீதிப் பாதி, அவள் பெரியவளாகித் தானாகக் கேட்கட்டும் என்று. இரண்டில் எது பெரிய பாதி என்று கேட்காதீர்கள்.

19 ஜூலை

மாத்திரை பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார். சாப்பிட்டேன். 2015-ல் ஆரம்பித்து பதினாலு மாசம், அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் கொடுத்தது. பிராந்தி வாசம் எங்காவது அடித்தால் கை கால் மரத்துப்போகும், பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கியிருக்கிறேன். அந்த டாக்டரம்மா பெயர் இல்லாத வியாதி என்று சொல்லவில்லை, பேர் சொன்னார், எப்படி வருகிறது என்று படம் போட்டுக் காட்டினார். சபையில் ஒரு சிஸ்டர், "ஜெபிக்கிற பிள்ளைக்கு மாத்திரை எதுக்கு?" என்றார். டீச்சரம்மா தன் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்து, "அப்ப இதையும் கொட்டிடலாமா?" என்று கேட்டார்.

ஜெபம் உதவவில்லை என்று சொல்லவில்லை. தூக்கம் வராத ராத்திரியில் எண்பத்தெட்டாம் சங்கீதத்தைத்தான் பிடித்துக்கொண்டு கிடப்பேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியோ துதியில் ஏறிவிடும். இது இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒன்றையும் வேதத்துக்குள் விட்டு வைத்திருக்கிறார்களே என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

20 ஜூலை

திருத்தம் நம்பர் மூன்று. லீவுக்கு வந்திருக்கும் மகள் இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். அம்மிக்கல் மூன்று வருஷம் இல்லையாம். "எட்டு வருஷம்மா. ஒன்பதாவது படிக்கும்போதுகூட நான்தானே நகர்த்தி வைப்பேன்?" ஆன்லைன் வகுப்பு நடந்த வருஷம், போன் சார்ஜில் போட்டுவிட்டுக் கல்லை நகர்த்துவாளாம். எனக்கு ஞாபகமே இல்லை. பிள்ளைக்குத் தெரியாமல் வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சுக்கு வருவாள், கேக்குக்காக. அம்மா இன்னும் திருநீறு பூசிக்கொண்டு மாரியம்மனுக்குத்தான் போகிறாள். ஆனால் என் கேஸ் நடந்தபோது காந்தல் குருசடிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள், எனக்குச் சொல்லாமல். 2010-க்கு அவள் கேட்ட மன்னிப்பு அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

23 ஜூலை

"அப்படியானால் அவரை மன்னித்தீர்களா இல்லையா, சுற்றாமல் சொல்லுங்கள்."

போன வருஷம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பதிமூன்று வருஷம் கழித்து. அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் சாக்கு, அதில் காலி பாட்டில்கள். 2022-லிருந்து எங்கள் மாவட்டத்து டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தருகிறார்களே, காட்டில் யானை காலில் குத்தக்கூடாது என்று. ரோட்டோரம் பொறுக்கி அதில் பிழைக்கிறார் போலிருக்கிறது. குனியும்போது முதுகு நிமிரவில்லை. நான் முதலில் பார்த்தது இடுப்பை. பெல்ட் இல்லை, கயிறு கட்டியிருந்தார்.

பயம் வரவில்லை. பரிதாபமும் பெரிதாக இல்லை. என் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது, கண்ணாடி அல்ல, அதற்குக் காசு கிடைக்காது என்று ஒரு நினைப்பு ஓடியது. அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜெபத்தில் அவர் பேரைச் சொல்கிறேன், சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு. 2012-ல் மைக்கில் சொன்னதைவிட இது எவ்வளவோ குறைவு.

24 ஜூலை

டீச்சரம்மா இருக்கிறாரா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2019-ல் போய்விட்டார். அந்த மழைக்கால நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. என் பேருக்கு நேராக "முழுசு".

26 ஜூலை, இரவு 11.15

முதலில் கேள்வி கேட்ட சகோதரிக்கு. நீங்கள் தனியாக எழுதியதைப் படித்தேன், இங்கே சொல்ல மாட்டேன்.

பெண்கள் உதவி எண் 181-க்கு அடியுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசில்லை. பேசிவிட்டு அந்த எண்ணைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். உங்களுக்கு மாவட்டம் திண்டுக்கல், பாதுகாப்பு அலுவலர் பற்றியும் அவர்களிடமே கேளுங்கள். வீட்டிலேயே இருக்க வழி இருந்தால் அதை முதலில் பாருங்கள். இருக்க முடியாத ராத்திரி வந்தால் என்று ஒரு பையைப் பக்கத்து வீட்டில் இப்போதே வைத்துவிடுங்கள்: ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பஸ் காசு, போன் சார்ஜர். நான் அன்றைக்கு எடுத்து வந்தது பிள்ளையையும் ஒரு குடையையும். ரேஷன் கார்டில் பேர் மாற்ற இரண்டு வருஷம் அலைந்தேன்.

ஸ்வெட்டர் இரண்டாக வையுங்கள், பிள்ளைக்கு ஒன்று நனைந்துவிடும்.